இண்டர்வியூக்கு என்ன டிரெஸ் போடணும்? 4000 ரூவாக்குள்ள முடிக்கணும், ஷூ மாமாவோடது

தென்காசி_தம்பி | செவ்வாய், இரவு 10:40

அண்ணன்மாருக்கு வணக்கம். இசிஇ முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, இங்க ஊர்லயே ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைல இருக்கேன். இப்போ சென்னை பெருங்குடில ஒரு கம்பெனில டெக் சப்போர்ட் வேலைக்கு நேர்ல வரச்சொல்லிருக்காங்க, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைல 10:30க்கு. ஆன்லைன் ரவுண்டு ரெண்டும் முடிஞ்சுட்டு, இதுதான் கடைசி. மெயில்ல "ஃபார்மல்ஸ்"னு ஒரே ஒரு வார்த்தை போட்ருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

என்கிட்ட இருக்கது காலேஜ் யூனிஃபார்ம் பேண்ட் ஒண்ணு (இடுப்பு இப்போ பத்தல), அக்கா கல்யாணத்துக்கு எடுத்த மெரூன் சட்டை ஒண்ணு, அது லைட் பட்டா மினுமினுன்னு மின்னும். எல்லாம் சேத்து 4000 ரூவா ஒதுக்கிருக்கேன், டிரெயின் டிக்கெட் தனி. ஷூ மட்டும் வாங்கப் போறதில்ல, மாமா சவுதில இருந்து கொண்டாந்த கருப்பு ஷூ ஒண்ணு பரண்ல அட்டைப்பெட்டியோட கிடக்கு, போட்டுப் பாத்தேன், எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

குழப்பம் என்னன்னா, டவுன்ல ஜவுளிக்கடை அண்ணாச்சி "உன் நிறத்துக்கு வெளிர் கலர் எடுத்தா மூஞ்சி இன்னும் கருப்பா தெரியும்ல, டார்க்கா எடு"ங்காரு. ஃப்ரெண்டு ஒருத்தன் கோட்டு வாடகைக்கு கிடைக்கும், டை கட்டிட்டுப் போனாத்தான் மதிப்பான்னு சொல்லுதான். அப்பா என்னடான்னா "வெள்ள வேட்டி வெள்ள சட்டைல போ, எந்த ஆபீசர் வேண்டாம்பான்"ங்காரு. அவரு விளையாட்டுக்குச் சொல்லல, சீரியஸாத்தான் சொல்லுதாரு. யாராச்சும் தெளிவா சொல்லுங்க.

மொட்டைமாடி_மணி | செவ்வாய், இரவு 11:05

ப்ரோ இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவாங்க. நான் 11 வருஷமா டெவலப்பர், இப்ப இருக்க கம்பெனி இண்டர்வியூக்கு ஜீன்ஸ் போட்டுட்டுதான் போனேன், உள்ள இருந்தவன் அரை டிராயர். 2015லயே இன்ஃபோசிஸ் மாதிரி கம்பெனியே தினமும் பிசினஸ் கேஷுவல் போட்டுக்கலாம்னு தளர்த்திட்டான், அதுக்கு முன்னாடி அவங்க டை கட்டிட்டு பஸ் ஏறுறத நாமெல்லாம் பாத்துருக்கோம். ஃபேஸ்புக் ஜுக்கர்பெர்க் ரொம்ப வருஷம் தினமும் ஒரே கிரே டி-ஷர்ட்டுதான் போட்டான், அவன் என்ன கெட்டா போயிட்டான். வேலை தெரியுமா தெரியாதா, அவ்ளோதான் மேட்டர். அந்த 4000த்துக்கு ஒரு நெட்வொர்க்கிங் கோர்ஸ் வாங்கு.

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 11:31

மணி, அவரு டி-ஷர்ட் போடலாம், கம்பெனி அவரோடது. அதே ஆள 2018ல அமெரிக்க நாடாளுமன்றத்துல கேள்வி கேக்கக் கூப்பிட்டப்ப எதப் போட்டுட்டுப் போனாரு? கோட்டும் டையும். இன்னொருத்தன் கையில நம்ம குடுமி இருக்கும்போது எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டைதான். உங்களுக்கு 11 வருஷ எக்ஸ்பீரியன்ஸ், அந்த ஜீன்ஸுக்கு உள்ள அது நிக்குது. தம்பிக்கு இன்னும் அது இல்லல்ல.

எச்ஆர்ல_இருந்தவ | புதன், காலை 7:50

தம்பி, நான் ஆறு வருஷம் ரெக்ரூட்மெண்ட்ல இருந்தேன், இப்ப இல்ல, அதனால கூச்சமில்லாம சொல்றேன். மார்க் ஷீட்டுல டிரெஸ்னு ஒரு கட்டம் கிடையாது. ஆனா சாயங்காலம் 20 பேர பாத்து முடிச்சுட்டு காப்பி குடிச்சுட்டே பேசும்போது எங்களுக்கு யார் பேரும் ஞாபகம் இருக்காது, "அந்த டிஎன்எஸ் கேள்விய கரெக்டா சொன்ன பையன்"னும் பேசுவோம், "அந்த செண்ட் பையன்"னும் பேசுவோம். ரெண்டாவது ஆளுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு பேச்சு அப்புறம் நகரவே நகராது, ஏன்னா சின்ன ஏசி ரூம், ஜன்னல் கிடையாது, அவன் போயி அரை மணி நேரம் ஆகியும் அந்த வாசனை போகல. அதனால செண்ட் வேணாம், மெரூன் மினுமினு கண்டிப்பா வேணாம்.

டெக் சப்போர்ட்னா கிளையண்ட் ஆபீசுக்கு நேர்ல அனுப்புவாங்க, அதான் மெயில்ல ஃபார்மல்ஸ்னு போட்ருக்காங்க. இவன நாளைக்கு ஒரு பேங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புனா நம்ம மானம் போகாம இருக்குமான்னு பாப்பாங்க, அவ்ளோதான். வெள்ளை இல்லன்னா வெளிர் நீலத்துல பிளெயின் முழுக்கை சட்டை, கரும் சாம்பல் இல்ல நேவி ப்ளூ பேண்ட், கருப்பு பெல்ட், கருப்பு ஷூ. டை வேணாம், ஃப்ரெஷ்ஷருக்கு யாரும் எதிர்பாக்கறதில்ல. வாடகை கோட்டு தொடவே தொடாத, தோள் உனக்கு அளவா இருக்காது, அது அடுத்தவன் கோட்டுன்னு வாசல்ல இருந்தே தெரியும். கருப்பு சட்டை கருப்பு பேண்ட் ஒரு கோஷ்டி போட்டுட்டு வரும், அது ஈவண்ட் மேனேஜ்மெண்ட் டீம் மாதிரி இருக்கும்.

ரெப்_வாழ்க்கை | புதன், காலை 9:12

அக்கா சொன்னதுல ஒரே ஒரு எடத்துல இடிக்குது, வெளிர் நீலம். நான் 14 வருஷமா சென்னைல மெடிக்கல் ரெப், ஒரு நாளைக்கு 10 டாக்டர், டூவீலர்ல சுத்துறேன், டை கட்டி, ஃபுல் ஹேண்ட் போட்டு, மே மாசத்துலயும். வேர்வையப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ஃபேஷன்காரனுக்கும் தெரியாது. வெளிர் நீலம், சாம்பல், காக்கி இந்த நடுவாந்தர கலர் எல்லாம் நனைஞ்ச எடம் அப்படியே மேப் மாதிரி தெரியும். வெள்ளையில தெரியாது, நல்ல கரும் நீலத்துல தெரியாது. ஆனா வெள்ளை நனைஞ்சா ஒடம்பு தெரியும், அதுக்குதான் உள்ள பனியன்.

பனியன்னா கையில்லாத பனியன் இல்ல, அது அக்குள்ல ஒண்ணுத்தையும் உறிஞ்சாது, கைவச்ச பனியன் போடு. இன்னொரு விஷயம், வெள்ளை சட்டைக்குள்ள வெள்ளை பனியன் போட்டா கோடு கோடா தெரியும், சாம்பல் கலரோ நம்ம தோல் கலரோ போட்டா தெரியவே தெரியாது. இத எனக்கு ஒரு சீனியர் ரெப் சொல்லிக்குடுக்க நாலு வருஷம் ஆச்சு.

அப்புறம் சட்டைய டிரெயின்லயே போட்டுட்டு வராத மச்சி. டிரெயின்லேர்ந்து எறங்கி எங்க தங்குற? அங்க போயி குளிச்சு, கிளம்புறதுக்கு முன்னாடி மாத்து. பஸ்ல போனா கண்டிப்பா கசங்கும், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஆட்டோவோ பைக் டாக்சியோ புடி. 10:30க்கு வரச்சொன்னா 9:50க்கு அங்க இரு, கீழ ஃபேனுக்கு அடில நில்லு, வேர்வை அடங்க 20 நிமிஷம் ஆகும். கர்ச்சீஃப் ரெண்டு, ஒண்ணு மூஞ்சிக்கு, ஒண்ணு ஷூவுக்கு. ஷூவுக்கு எடுத்தத மறந்து மூஞ்சில தொடச்சுட்டு டாக்டர் முன்னாடி போயி நின்ன கதை என்கிட்ட இருக்கு, இப்ப வேணாம்.

எச்ஆர்ல_இருந்தவ | புதன், காலை 9:30

ஏசிலயே உக்காந்திருந்தவளுக்கு வெளிர் நீலம் அழகுன்னு மட்டுந்தான் தெரியும் போல. வெள்ளையே எடு தம்பி, அவர் சொல்றதுதான் சரி.

ஊசிநூல்_ஈரோடு | புதன், மதியம் 1:15

தம்பி நான் டெய்லருங்க, 26 வருசமா கடை வச்சிருக்கேன். இங்க எல்லாரும் கலரப் பத்தி பேசிட்டு இருக்கறாங்க, கலர் கெடக்குதுங்க, மொதல்ல அளவு. 5000 ரூவாய்க்கு பிராண்டு சட்டைய எடுத்துப்போட்டு தோள்பட்டை கைக்கு எறங்கிக் கெடந்தா அது அண்ணன் சட்டைய தம்பி போட்டாப்டிதான் இருக்கும், 600 ரூவா சட்டை தோள் எலும்பு முடியற எடத்துல தையல் வந்து உக்காந்தா அது ஜம்முனு இருக்கும். தோள மட்டும் ரெடிமேடுல பாத்து எடுத்துப்போடுங்க, ஏன்னா பக்கவாட்டுல புடிக்கலாம், கைய சுருக்கலாம், தோளப் பிரிச்சு மறுபடி தெச்சா எந்த டெய்லரும் உங்கள மனசுக்குள்ள திட்டுவான். காலர் பட்டன் போட்டதுக்கு அப்பறம் ரெண்டு வெரல் உள்ள போகோணும். கைப்பட்டி மணிக்கட்டு எலும்புல நிக்கோணும், கைய மேல தூக்குனா சட்டை பேண்டுக்குள்ள இருந்து வெளிய வரக்கூடாது. ரெடிமேடுல நெறையா பேருக்கு இதுதான் பிரச்சனைங்க, சட்டை நீளம் கம்மியா வருது, இன் பண்ணுனா ரெண்டு தடவ குனிஞ்சு நிமுந்தா வெளிய வந்துரும். "ஸ்லிம் ஃபிட்"னு போட்டிருக்கறத நம்பி எடுத்தீங்கன்னா உக்காரும்போது பட்டனுக்கு நடுவுல வாய் தொறக்கும். அதனால டிரையல் ரூம்ல நின்னுக்கிட்டு பாக்காதீங்க, உக்காந்து பாருங்க. இண்டர்வியூல உக்காந்துதான பேசப்போறீங்க?

எட்டு நாள் இருக்குதுன்னா தெச்சுக்கறதே நல்லதுங்க. 58 இஞ்ச் அகலத் துணின்னா முழுக்கைக்கு 1.6 மீட்டர் போதும், 36 இஞ்ச்னா ரெண்டேகால் மீட்டர். பேண்டுக்கு 58ல 1.3 மீட்டர். சட்டைக்கு சுத்த காட்டன் எடுக்காதீங்க, பெருங்குடி போறதுக்குள்ள அப்பளமாட்ட நொறுங்கிப்போகும். சுத்த பாலியஸ்டரும் வேண்டாம், வெந்துபோகும். காட்டன் 60, பாலியஸ்டர் 40 கலந்தது கேளுங்க, கடைக்காரங்களுக்குத் தெரியும். பேண்டுக்கு பாலியஸ்டர் விஸ்கோஸ் கலந்தது, அது மடிப்பு நிக்கும். காட்டன் அதிகமா இருக்கற துணிய டெய்லர்கிட்ட குடுக்கறதுக்கு முந்தி ஒருக்கா தண்ணில நனச்சு காயவச்சுக் குடுங்க, இல்லாட்டி மொதல் சலவைல கை ரெண்டு வெரக்கட மேல ஏறிக்கும், அப்பறம் டெய்லரத்தான் திட்டுவீங்க.

பேண்டு அடிப்பக்கம் ஷூ மேல லேசா ஒரு மடிப்பு விழுந்தா போதும். கீழ கும்பலா சேந்து நின்னா குள்ளமா தெரிவீங்க. ஆனா உள்மடிப்புல ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தெக்கச் சொல்லுங்க, நாளைக்கு எறக்கிக்கலாம். இடுப்புலயும் அப்படித்தான், பின்னாடி நடுத் தையல்ல துணி விடச் சொல்லுங்க, வேலை கெடச்சு மெஸ் சாப்பாடு சாப்பிட்டா தேவப்படும்.

மதுரக்காரன்88 | புதன், மதியம் 2:02

டெய்லர் அண்ணே சொன்னது பூராம் கரெக்ட்டு. பிராண்டுன்னு சொல்லவும் ஞாபகம் வருது, லூயி பிலிப், வான் ஹியூசன், ஆலன் சாலி, பீட்டர் இங்லண்ட் இந்த நாலு வெள்ளைக்காரப் பேரும் நம்மூர்ல ஒரே கம்பெனி கைலதான், முன்னாடி அதுக்கு மதுரா கார்மெண்ட்ஸ்னு பேரு, அந்த மதுராங்கிற பேரே எங்க ஊரு மதுரா கோட்ஸ் மில்லுல இருந்து வந்தது. மால்ல போயி "இது ஃபாரின் பிராண்ட்"னு 2500 குடுக்குறப்ப இத நெனச்சுக்கங்கப்பா. தம்பிக்கு ஒரே ஒரு அட்வைஸ், பெல்ட்டுல பெரிய பக்கிள், கழுகு சிங்கம் எல்லாம் வேணாம்.

கரிசல்காட்டான் | புதன், மாலை 6:20

அந்த ஜவுளிக்கடை அண்ணாச்சி சொன்னத யாரும் கேக்கலையே, நான் கேக்குறேன். கருப்பா இருக்கவன் வெள்ளை போடக்கூடாதுன்னு எவன் சொன்னது? நம்ம ஊர்ல காலங்காலமா கருத்த உடம்புல வெள்ளை வேட்டிதான், அத விட எடுப்பான ஜோடி உண்டா? கருப்பா இருக்கவனுக்கு வெள்ளை, நேவி, பாட்டில் கிரீன் எல்லாம் தூக்கலா இருக்கும், மங்கலான பழுப்பு, சாணி கலருதான் எங்களுக்கு முகத்த அமுக்கும். எங்களுக்குன்னு சொல்றேன், நானும் அந்த நிறந்தான். அண்ணாச்சி கடையில டார்க் கலர் ஸ்டாக் தேங்கிக் கெடக்கும், வேற ஒண்ணும் இல்ல.

"திறமைதான் முக்கியம் டிரெஸ் என்ன டிரெஸ்"னு ஒரு கூட்டம் எப்பவும் சொல்லும், அதுலயும் ஒண்ணு சொல்லணும். 1930ல ராமநாதபுரம் சீமைல ஆதிக்க சாதிக்காரங்க ஆதிதிராவிடருக்கு எட்டு தடை போட்டாங்க. ஆம்பள முழங்காலுக்குக் கீழ துணி கட்டக்கூடாது, கோட்டு சட்டை பனியன் போடக்கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது, குடை செருப்பு கூடாது. சட்டை ஒண்ணுமே இல்லன்னா எதுக்குய்யா தடை போட்டான்? காந்தி 1921ல மதுரைக்கு வந்து சட்டையக் கழட்டுனாரு, கும்புட்டாங்க. அம்பேத்கர் வெளிய பெரும்பாலும் கோட்டு சூட்டுலதான் இருந்தாரு, அது ஏன்னு அந்த எட்டு தடைய படிச்சவனுக்குப் புரியும். எங்க தாத்தா முதல் சட்டை போட்டது கல்யாணத்துக்கு. அதனால தம்பி, நீ நல்லா இஸ்திரி போட்டு கம்முனு போட்டுட்டுப் போ, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

மொட்டைமாடி_மணி | புதன், மாலை 6:48

அண்ணே நான் அந்த அர்த்தத்துல சொல்லல. நான் வளந்த வீட்ல சட்டை இல்லாம இருந்தது இல்ல, அதனாலயே எனக்கு அது கண்ணுல படலன்னு இப்ப தோணுது. ஆனாலும் ஐடில பாதி எடத்துல யாரும் பாக்கறதில்லங்கறது உண்மை.

கறுப்புக்கோட்டு | புதன், இரவு 9:10

தம்பியோட அப்பாவ யாரும் கிண்டல் பண்ணாதீங்க, சட்டம் அவர் பக்கம் பாதி இருக்கு. 2014ல சென்னைல ஒரு கிரிக்கெட் கிளப்புல வேட்டி கட்டிட்டு வந்த ஐகோர்ட் நீதிபதியையே உள்ள விடல, அது பெரிய ரகளை ஆகி அதே வருஷம் தமிழ்நாடு அரசு சட்டமே போட்டுச்சு. வேட்டி கட்டுனதுக்காக பொது இடத்துல உள்ள விடலன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 அபராதம். 2019ல தலைமைச் செயலக ஊழியர்களுக்கு டிரெஸ் பத்தி வந்த அரசாணைலயும் ஆம்பளைங்களுக்கு சட்டை பேண்ட், இல்லன்னா தமிழ் பண்பாட்டுக்கு ஏத்த வேட்டின்னு தெளிவா இருக்கு. ஆக அப்பா சொன்ன "ஆபீசர்" அரசாங்க ஆபீசர்னா அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரு தனியார் கம்பெனி ஃபார்மல்ஸ்னு எழுதிட்டா அவங்க மனசுல இருக்கறது பேண்ட்தான், சட்டம் பேசி வேலை வாங்க முடியாது.

எங்க தொழில எடுத்துக்கங்க, இந்த வெயில்ல கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டை. கோடைல சுப்ரீம் கோர்ட்டு ஹைகோர்ட்டு தவிர மத்த கோர்ட்டுல கோட்டு கட்டாயம் இல்லன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. இருந்தும் ஜூனியர் எவனும் கழட்ட மாட்டான், கட்சிக்காரன் கோட்டு இல்லாத வக்கீல குமாஸ்தான்னு நெனச்சிருவான்னு பயம். நானே கழட்டுனதில்ல.

வெள்ளவத்தை_வாசி | புதன், இரவு 10:25

நான் கொழும்பில வங்கியொண்டில வேலை செய்யிறன். இஞ்ச எங்கட கிளையில முழுக்கை சேட், நீளக் களிசான் (பேண்ட்), ரை (டை), சப்பாத்து (ஷூ) இல்லாமல் கவுண்டரில இருக்கேலாது. தம்பிக்கு ரை தேவையில்லை எண்டு சொல்லினம், சரி, ஆனா வேலை கிடைச்சாப் பிறகு ஒருநாள் கட்ட வேண்டி வரும், இப்பவே பழகி வையும். நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிக்கோணும், வயித்துக்கு மேல நிண்டா பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி இருக்கும். நான் முதல் நாள் அப்பிடித்தான் போய் நிண்டனான், மனேஜர் ஒண்டும் சொல்லாமல் சிரிச்சவர், அந்தச் சிரிப்பு இப்பவும் கண்ணுக்க நிக்குது. மற்றது, சொக்ஸ். இருக்கேக்க கால் தெரியக்கூடாது, குட்டைச் சொக்ஸ் வேண்டாம்.

பேப்பர்_படிச்சவன் | வியாழன், காலை 8:15

டிரெஸ் நம்ம மூளையையே மாத்தும்னு ஆராய்ச்சி இருக்கு. 2012ல ஒரு ஆய்வுல ஒரே வெள்ளை கோட்டக் குடுத்து, சிலர்கிட்ட இது டாக்டர் கோட்டுன்னு சொன்னாங்க, சிலர்கிட்ட பெயிண்டர் கோட்டுன்னு சொன்னாங்க. டாக்டர் கோட்டுன்னு நெனச்சுப் போட்டவங்களுக்கு கவனம் கூடுச்சாம். அதனால நல்லா டிரெஸ் பண்ணா பதிலும் நல்லா வரும்.

மொட்டைமாடி_மணி | வியாழன், காலை 8:40

அந்த ஆய்வோட முதல் சோதனைய 2019ல வேற ஒரு குழு நிறைய பேர வெச்சு அதே மாதிரி திரும்ப செஞ்சு பாத்தாங்க ப்ரோ, அந்த ரிசல்ட் வரல. அத வெச்சுட்டு கத்தாதீங்க.

ரெப்_வாழ்க்கை | வியாழன், காலை 8:55

ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஆராய்ச்சி வருதோ வரலையோ, அக்குள் நனைஞ்சிருக்கான்னு யோசிச்சுட்டே உக்காந்திருக்கறவனுக்கு பதில் வராது, இது நான் செஞ்ச ஆராய்ச்சி, 14 வருஷம், ஆள் ஒருத்தன்.

தென்காசி_தம்பி | அடுத்த புதன், மாலை 5:10

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எடுத்தாச்சு, கணக்கு போடுதேன் பாருங்க. வெள்ளை சட்டைத்துணி 1.6 மீட்டர் 512, தையக்கூலி 400. ஸ்டெப்னிக்கு ரெடிமேட் நேவி சட்டை ஒண்ணு 799 (உக்காந்து பாத்துத்தான் எடுத்தேன் டெய்லர் அண்ணே, கடைப் பையன் ஒரு மாதிரி பாத்தான்). கரும் சாம்பல் பேண்ட் ரெடிமேட் 1299, அடி மடிச்சுக் குடுத்ததுக்கு காசு வாங்கல, ரெண்டு இஞ்ச் உள்ள விடச் சொல்லிட்டேன். பெல்ட் 350, கைவச்ச சாம்பல் பனியன் ரெண்டு 300, சாக்ஸ் 120. மொத்தம் 3780. மிச்சம் 220ல முடி வெட்டிக்கிட்டேன். அண்ணாச்சிகிட்ட வெள்ளை கேட்டதும் "அப்புறம் உன் இஷ்டம்"னுட்டாரு.

மாமா ஷூவுக்கு ரெண்டு தடவ பாலிஷ் போட்டாச்சு, கண்ணாடி மாதிரி இருக்கு. இப்போ பொதிகைக்கு கிளம்புதேன், ஃப்ரெண்டு ரூம் வேளச்சேரில. அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருக்காரு, வேட்டிலதான்.

ஆம்பூர்_தோல் | அடுத்த புதன், இரவு 11:20

தம்பி, இப்பதான் இந்த இழையப் பாக்குறேன். நான் ஷூ ஃபேக்டரில சூப்பர்வைசர். பரண்ல கிடந்த ஷூன்னு போட்டிருக்கீங்களே, எத்தன வருஷமா கிடக்கு? அடிப்பாகம் ரப்பரா, பியூவான்னு (பாலியூரித்தேன், நுரை மாதிரி லேசான பிளாஸ்டிக்) பாருங்க. பியூ சோல் போடாம சும்மா வெச்சிருந்தாதான் சீக்கிரம் கெடும், காத்துல இருக்க ஈரம் உள்ள போயி நாலஞ்சு வருஷத்துல உளுத்துப்போயிடும். வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும், ஒரு கிலோமீட்டர் நடந்தா கேக் மாதிரி உதிரும். நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் விழுந்து திரும்ப எழும்பலன்னா போட வேணாம். ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. நாளைக்குக் காலைலயா இண்டர்வியூ?? யாராவது இந்தப் பையனுக்கு சொல்லுங்கப்பா.

ரெப்_வாழ்க்கை | வியாழன், காலை 6:05

தம்பி இதப் பாரு!!! ஷூ!!! மெசேஜ் அனுப்பிருக்கேன், பாரு!

எச்ஆர்ல_இருந்தவ | வியாழன், மதியம் 1:00

என்ன ஆச்சு? மனசு கேக்கல, காலைல இருந்து நாலு தடவ வந்து பாத்துட்டேன்.

தென்காசி_தம்பி | வியாழன், இரவு 8:30

மன்னிக்கணும், இப்பத்தான் பாக்கேன். டிரெயின்ல சிக்னல் இல்ல, காலைல படபடப்புல போனயே எடுக்கல.

ஆம்பூர் அண்ணன் சொன்ன மாதிரியே நடந்துட்டு. ரூம் மூணாவது மாடி. ரெண்டாவது மாடி இறங்குததுக்குள்ள காலடில ஏதோ கரகரன்னுச்சு, திரும்பிப் பாத்தா படி பூரா கருப்பு கருப்பா கேக் துண்டு மாதிரி கிடக்கு. ஒரு எட்டு வச்சேன், இடது கால் சோல் மொத்தமா கழண்டு பின்னாடியே நின்னுட்டு, நான் மட்டும் முன்னால போயிட்டேன். மணி 9:15. ஒரு நிமிஷம் அழுகையே வந்துட்டு. மேல ஓடுனா ரூம்ல மூணு பேரு, ரெண்டு பேருகிட்ட ஸ்போர்ட்ஸ் ஷூதான், ஒருத்தர்கிட்ட கருப்பு ஃபார்மல் இருந்துச்சு, ஆனா சைஸ் 9, எனக்கு 7. முன்னால பேப்பர சுருட்டி அடைச்சு, சாக்ஸ் மேல இன்னொரு சாக்ஸ் போட்டு, கயித்த இறுக்கிக் கட்டிட்டுப் போனேன். நடக்கும்போது வாத்து மாதிரி இருந்துச்சு. ரெப் அண்ணன் சொன்ன மாதிரி பைக் டாக்சி புடிச்சதால 9:55க்கு போயிட்டேன், கீழ ஃபேனுக்கு அடில நின்னேன், வேர்வை அடங்கிட்டு.

உள்ள மூணு பேரு. நடுவுல இருந்தவரு வட்டக் கழுத்து டி-ஷர்ட், சாண்டல் செருப்பு (மணி அண்ணே நீங்க ஜெயிச்சிட்டீங்க). இன்னொரு மேடம், அப்புறம் வயசான சார் ஒருத்தர், அவர் மட்டும் ஃபுல் ஃபார்மல். 50 நிமிஷம் கேள்வி, பிரிண்டர் நெட்வொர்க்ல வரலன்னா முதல்ல எதப் பாப்பன்னு ஆரம்பிச்சு எங்கெங்கயோ போச்சு. டிரெஸ்ஸப் பத்தி ஒரு வார்த்தை யாரும் பேசல. ஷூவையும் யாரும் பாத்த மாதிரி தெரியல, ஆனா நான் பூராநேரமும் கால நாற்காலிக்கு அடிலயே வச்சிருந்தேன். கிளம்பும்போது அந்த சார் மட்டும் "வாரத்துல ரெண்டு நாள் கிளையண்ட் இடத்துக்குப் போகணும், பரவால்லயா"ன்னு கேட்டாரு, சரின்னேன். ரிசல்ட் மெயில்ல சொல்லுவாங்களாம்.

மாமாகிட்ட இன்னும் சொல்லல.

ஆம்பூர்_தோல் | வியாழன், இரவு 9:02

ஷூமேல தப்பு இல்ல தம்பி, உங்க மாமா அத மாசம் ஒரு தடவ போட்டு நடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். வேலை வந்ததும் ஆம்பூர் பக்கம் வந்தீங்கன்னா எங்க ஊர் ஃபேக்டரி கடைங்கள்ல எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பாருங்க, தோல் நல்லாருக்கும், தையல்ல ஏதாவது சின்னக் குறை இருக்கும், விலை பாதி.

ஊசிநூல்_ஈரோடு | வியாழன், இரவு 9:40

சட்டை இன் பண்ணுனது வெளிய வந்துச்சுங்களா?

தென்காசி_தம்பி | வியாழன், இரவு 9:44

வரல அண்ணே. மூணு மாடி ஓடியும் வரல.

தென்காசி_தம்பி | பன்னிரண்டு நாள் கழிச்சு, காலை 11:15

ஆஃபர் வந்துட்டு!!! அடுத்த மாசம் 1ந்தேதி சேரணும். அப்பா கடைத்தெரு பூரா சொல்லிட்டாரு. எல்லாருக்கும் என்ன சொல்லணும்னே தெரியல.

ஒரே ஒரு சந்தேகம், மெயிலோட சேந்து வந்த பாலிசில "ஆபீஸ் நாட்களில் ஸ்மார்ட் கேஷுவல், கிளையண்ட் விசிட்டுக்கு ஃபார்மல்ஸ்"னு போட்ருக்கு. இந்த ஸ்மார்ட் கேஷுவல்னா என்னது?

மொட்டைமாடி_மணி | காலை 11:20

வாழ்த்துக்கள்டா! காலர் வச்ச டி-ஷர்ட், சினோஸ்னு சொல்ற காட்டன் பேண்ட், கிழியாத ஜீன்ஸ். இந்த ஒரு விஷயத்துல நான்தான் எக்ஸ்பர்ட், எல்லாரும் ஒதுங்குங்க.

எச்ஆர்ல_இருந்தவ | காலை 11:32

ரொம்ப சந்தோஷம் தம்பி. முதல் வாரம் அந்த வெள்ளையும் நேவியுமே மாத்தி மாத்திப் போடு, மத்தவங்க என்ன போடறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் காச செலவு பண்ணு. முதல் சம்பளம் வர்ற வரைக்கும் எதுவும் வாங்காத, ஷூ தவிர.

ரெப்_வாழ்க்கை | காலை 11:50

சூப்பர் மச்சி. அந்த மெரூன் சட்டைய மட்டும் சென்னைக்கு எடுத்துட்டு வராத.

தென்காசி_தம்பி | காலை 11:52

அண்ணே அத ஏற்கனவே பெட்டில வச்சிட்டேன்.